முன், பின்

புல்லைக் குட்டையாக வைப்பது
பகலில் என் வேலை.
மூன்று ஆட்கள், மூன்று எந்திரங்கள், ஒரு லாரி.
கணுக்காலைத் தாண்டினால் புகார் வரும்.
புகார் வந்தால் அலுவலகம் படம் கேட்கும்:
வெட்டுமுன் ஒன்று, வெட்டியபின் ஒன்று.
பதினோரு வருடங்களாக
என் கைப்பேசி முழுக்கப் புல்.
பிள்ளை படங்கள் அதற்கிடையில்
எங்கோ ஒளிந்திருக்கின்றன.

தெங்காவில் ஒரு மனை.
மறுநாள் மண்வாரி வருகிறது.
அதுவரை யாரும் தொடாத லாலாங்,
இடுப்பளவு.
காற்று திரும்பும்போதெல்லாம்
மொத்த மனையும் நிறம் மாறிக்கொண்டது.
"இதையா அக்கா?" என்று ஷொஹாக் சிரிக்கச் சிரிக்க
ஒரு கொத்தை வேரோடு பெயர்த்து
சாப்பாட்டுப் பைக்குள் திணித்தேன்.
வேரின் நுனி ஊசி.
பையைத் துளைத்து, காற்சட்டையைத் துளைத்து
தொடையில் ஒரு பொட்டு ரத்தம் எடுத்தது,
பேருந்து சுவா சூ காங் வந்து சேருமுன்.

தொட்டி பதினெட்டு வெள்ளி.
புல்லுக்கு விலை இல்லை.
நாற்றுப்பண்ணையில் இதன் உறவுக்காரப் புல்
சிவந்த நுனியோடு நிற்கிறது;
அதற்கு ஜப்பானியப் பெயர், விலைச்சீட்டு,
வெயில் எவ்வளவு வேண்டும் என்ற குறிப்பு.
பச்சையாகவே இருந்துவிட்டால்
களை.

"வேலையை வீட்டுக்கே கொண்டு வந்துட்டியா?"
என்றார் ஜெயசீலன்.
பக்கத்து வீட்டுத் திருமதி நியோ குனிந்து பார்த்தார்.
வேரைக் கரும்போடு கொதிக்க வைத்தால்
உடம்புச் சூடு இறங்குமாம்.
எப்போது பிடுங்குவாய் என்றார்.
பிடுங்க மாட்டேன் என்றேன்.
பிறகு எதற்கு என்றார்.
என்னிடம் பதில் இல்லை.
மின்தூக்கி வந்தது, போய்விட்டார்.

அரிசி கழுவிய தண்ணீர்.
கோழி எரு உருண்டை, மாதம் இரண்டு.
வெயில் நகர நகரத் தொட்டியையும் நகர்த்தினேன்.
கொழுத்தது, சரிந்தது,
போகிற வருகிறவர் முழங்காலை உரசியது,
ஜெயசீலனின் விரலைக் கீறியது.
பூக்க மட்டும் இல்லை.
ஐந்து மாதம்.

பிறகு கடிதம்.
நடைபாதையின் அகலம்
ஒன்று புள்ளி இரண்டு மீட்டர் இருக்க வேண்டும்,
தங்கள் செடி அதை மீறுகிறது.
நல்ல கடிதம். மரியாதையான கடிதம்.
இதே வாசகத்தை ஊர்ப் புல் எல்லாவற்றுக்கும்
நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்,
எந்திரத்தின் வாயால்.

கீரை நறுக்கும் கத்தரிக்கோலை எடுத்தேன்.
கணுக்கால் அளவு.
பழக்கதோஷம், படமும் எடுத்தேன்:
முன் ஒன்று, பின் ஒன்று.
கோபமா வெட்கமா தெரியவில்லை,
அதற்குப்பின் தண்ணீர் ஊற்றவில்லை.
பிப்ரவரி. மழையும் ஊற்றவில்லை.

மூன்றாவது வாரம்,
காலை ஐந்தரை, பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தால்
வெள்ளையாக ஒரு தண்டு.
அதற்குப் பின்னால் இன்னொன்று.
தாழ்வார விளக்கைத் தன்மேல் வாங்கி
மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது,
எங்கள் மாடிக்கு அந்நேரம் வரும் காற்றில்.

ஷொஹாக்கிடம் சொன்னேன்.
அவன் ஆச்சரியப்படவே இல்லை.
"வெட்டினாதான் அக்கா பூக்கும்.
நெருப்பு வெச்சா இன்னும் நிறைய."
அப்படியானால் கால்வாய்க் கரையில் ஏன் பூக்கவில்லை?
அட்டவணையை ஒருமுறை பார்த்தேன்.
இரண்டு வாரத்துக்கு ஒரு வெட்டு.
பூவுக்கு ஒரு வாரம் முன்னால்
நான் எப்போதும் வந்து நின்றிருக்கிறேன்,
தவறாமல், விடுமுறை நாளிலும்.

திருமதி நியோ வாசலில் பஞ்சு சேர்ந்தது.
பெருக்கினார். ஒன்றும் சொல்லவில்லை.
மீதி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி
ஏழு மாடி இறங்கிப் போயிற்று.
எங்கே விழுந்தாலும்
அது எந்த நாள் முறை என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலை கால்வாய்க் கரைப் படங்களை
அலுவலகத்துக்கு அனுப்பினேன்.
அவற்றோடு விரல் தவறி இதுவும் போய்விட்டது:
நீலத் தொட்டி, வெள்ளைப் பூ.

உடனே பதில் வந்தது.
"இது எந்த இடம்? நாளைக்குள் வெட்டவும்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
தட்டச்சு செய்தேன்:
வெட்டியாயிற்று.
இது பின்.