காலி எடை

கடைசிச் சுற்று வீடியோவில் நடந்தது.
கோமதிநாயகம் சார் ஜிஎஸ்டி ஆபீசுக்குப் போயிருந்த மத்தியானம்,
வண்ணார்பேட்டை மாடியில் ஜன்னலைச் சாத்தி
பைபாஸ் பஸ்களின் ஹாரனுக்குத் துணியடைத்து உட்கார்ந்தேன்.
ஜெப்ரி தன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு,
தோளில் எனக்கு ரெண்டு விரல் கூடுதல்.

திரையில் இருந்தவர் கேட்டார்:
ஓர் அரிசி ஆலை. அரைக்கும் நெல் கூடுகிறது,
லாபம் குறைகிறது. ஏன்?
அரை மணி நேரம் உங்களுக்கு.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.
தாளில் ஒரு மரம் வரைந்தேன்,
வரவு ஒரு கிளை, செலவு ஒரு கிளை,
அவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி
ஒன்றின்மேல் ஒன்று படாத கிளைகள்.
பதினோராவது நிமிடம் உமிக்கு வந்தேன்.
உமியும் தவிடும்தான் ஆலையைத் தாங்குகின்றன,
அரிசி சும்மா பேருக்கு.
பிரமாதம் என்றார். எழுதிக்கொண்டார்.

பதினோரு நிமிடமா?
மூன்று வருடம். ஆலங்குளம். சுயம்புலிங்க அண்ணாச்சி ஆலை.
தலைமுடியில் தவிடு, ஸ்கூட்டி சீட்டில் தவிடு,
எக்செல் கட்டத்தைத் தட்டினாலும் உதிரும் என்பான் ஜெப்ரி.
செங்கல் சூளைக்குப் போகும் உமி லாரிகள்
கண்ணுக்கு ஒரு கனம், சீட்டில் வேறொரு கனம்.
எடைமேடையில் உட்கார்ந்திருந்தது
அண்ணாச்சியின் மச்சான் தவசிக்கனி.

அதை எழுதினேன். பதினேழாம் பக்கம் முழுக்க.
சார் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்,
"எடுத்துரும்மா. பாக்கி ஃபீஸ் வரணும்லா."
எடுத்தேன்.
பதினெட்டு பதினேழானது.

திரையில் இருந்தவர் முடிக்கும்போது கேட்டார்:
கேட்கப் பிடிக்காத உண்மையை ஒரு வாடிக்கையாளரிடம்
நேருக்கு நேர் சொன்னதுண்டா?
உண்டு என்றேன்.
மேடை, லாரி, மச்சான்,
அண்ணாச்சி முதலில் கத்தியது, பிறகு கைகுலுக்கியது
எல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்,
குலுக்கிய கை எவ்வளவு சொரசொரப்பு என்பதுவரை.

நாலாம் நாள் கடிதம் வந்தது. குர்கான்.
சம்பளத்தைப் பாதியாக்கி அம்மாவிடம் சொன்னேன்.
அதற்கே, "தப்பான வேலை ஒண்ணும் இல்லையேளா" என்றாள்.
சார் ஐயாயிரம் கூட்டித் தருகிறேன் என்றார்,
போர்டில் என் பேரையும் எழுதுகிறேன் என்றார்.
'அண்ட் அசோசியேட்ஸ்' என்று பத்து வருடமாக நிற்கிற போர்டு,
நானும் ஜெப்ரியும்தான் அதன் பன்மை.
வேண்டாம் சார் என்றேன்.
வருத்தம் வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.
வரவில்லை.

பாக்கியை வாங்கி வருவது கடைசி வேலை.
ஆடிக்காற்று. சீதபற்பநல்லூர் தாண்டியதும்
வண்டியை லாரிகள் பக்கமாகவே தள்ளியது.

அண்ணாச்சி செக்கில் கையெழுத்துப் போட்டு
மை காய ஊதிக்கொண்டே கேட்டார்:
"டெல்லிப் பக்கமாம்லா. பெரிய கம்பேனி.
நம்மள மாதிரி ஆளுவகிட்ட அவிய வருவாவளா?"
வரமாட்டாங்க அண்ணாச்சி.
"அதுவுஞ் சரிதான்."

பிறகு குரலை ஏற்றாமல் இறக்காமல்,
"மச்சான் சங்கதி உனக்குத் தெரியும்.
அந்த ரிப்போர்ட்டுல பதினாறு முடிஞ்சு அடுத்த பக்கம் திருப்புனா
பேச்சு அத்து நிக்கி. மூணு தடவ படிச்சேன்."
மேசைமேல் செக்கை நகர்த்தினார்.
"சொல்லாததுக்கும் சேத்துத்தான்."

தொகையைப் பார்த்தேன். பில்லில் இருந்ததுதான்,
ஒரு ரூபாய் கூடவும் இல்லை.

வெளியே வரும்போது என்ன தோன்றியதோ,
ஸ்கூட்டியை எடைமேடைமேல் ஏற்றி நிறுத்தினேன்.
கூண்டுக்குள் சிவப்பு எண்கள் அசையவில்லை.
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

தவசிக்கனி தலையை வெளியே நீட்டினார்.
"அறுவது டன் மேடை பாத்துக்கிடுங்க.
உங்க வெயிட்டெல்லாம் அதுக்குத் தெரியாது.
டீ சொல்லட்டா?"

குடித்தேன்.
சர்க்கரை தூக்கலாக இருந்தது.