தொண்ணூற்றொன்பது

"வாழ்க்கையில் உங்கள் நிறைவு
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்?"
லாமாரா அடுப்பில் கரி தள்ளினாள்.
ஒலிப்பதிவில் நாற்பது நொடி
கெட்டில் மட்டும் பேசுகிறது.
படிவத்தில் 99 இட்டேன்:
பதில் இல்லை.

இரவு, குட்டாயிசி விடுதியில்
சராசரி போட்டால்
ட்கிபூலிச் சுரங்க ஊரின் நிறைவு
ஐந்துக்குப் பதினான்கு!
வடிகட்ட மறந்த மௌனங்கள்
ஊரையே ஆனந்தத்தில் ஆழ்த்தியிருந்தன.
சிரித்துக்கொண்டே நீக்கினேன்.
இரண்டே முக்கால்.
நம்பும்படி இருந்தது.

தூக்கம் வரவில்லை.
மறுபடி ஓட்டினேன்.
முப்பத்தோராவது நொடியில்
ஒரு நாற்காலி இழுபடுகிறது.
நான் உட்கார்ந்திருந்தேன்,
அவள் கடைசிவரை நின்றாள்.
மூன்றாம் கேள்வி, வீட்டில் எத்தனை பேர்:
ஒருவர்.

யாருக்கு இழுத்துப் போட்டாள்?
பார்க்கவில்லை.
குனிந்து
99 எழுதிக்கொண்டிருந்தேன்.