சுவருக்கு அந்தப் பக்கம்

ஆறடிக்கு நாலடி.
பழைய ஏசியின் வெளிப்பெட்டியும்
காலொடிந்த கட்டிலும் கிடந்த இடம்.
கீழக்கரையில் இதை வாடகைக்கு விட்டால்
ஒரு செல்போன் கடை வரும் என்றாள் ஜுலைஹா.
நான் மோட்டார்களைக் குடிவைக்கிறேன்.

கூடத்தில் தொட்டி வைத்த முதல் வாரம்
வீட்டில் யாரும் தூங்கவில்லை.
ஸ்கிம்மர் இரவெல்லாம் எச்சில் விழுங்கியது.
சில்லர், பழைய லாரி போல,
கிளம்பிக் கிளம்பி நின்றது.
மூன்றாம் நாள் மகள்
தலையணையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்,
ஒன்றும் சொல்லாமல்.

ஆகவே இந்த அறை.

'சம்ப்' என்றதும் நாகூர்கனி
கடப்பாரையோடு வந்துவிட்டார்.
தரைக்குக் கீழே எத்தனை ஆயிரம் லிட்டர் என்றார்.
இல்லை, இது கண்ணாடிப் பெட்டி,
மேலே இருக்கும் தண்ணீர் வழிந்து இறங்கி
கசடு கழித்து, குளிர்ந்து,
திரும்ப ஏற வேண்டும் என்று
சிமெண்ட் பையின் பின்பக்கம் வரைந்து காட்டினேன்.
நெடுநேரம் பார்த்துவிட்டு
'நம்ம பள்ளி ஹவுளுக்கு
இப்படி ஒண்ணு போட்டா என்ன' என்றார்.

உப்பு வந்து இறங்கிய நாளில்தான் அவர் சிரித்தார்.
இருபது கிலோ வாளி, வெளிநாட்டு உப்பு.
குடிதண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கும் தெருவில்
நல்ல தண்ணீரை வடிகட்டி வடிகட்டி
ஒன்றுமில்லாத தண்ணீராக்கி
அதில் உப்பைக் கொட்டிக் கலக்குகிறேன்,
இருநூறு அடியில் கடல் இருக்க.
ஜெட்டிப் பக்கம் டீசல் மிதக்கிறது,
நைட்ரேட் கூடுதல் என்று
சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.
பக்கத்து வீட்டைக் குறை சொல்வது போலிருந்தது.

முனியராஜ் வயர் இழுத்தான்.
ஒவ்வொரு வயரும் ப்ளக்குக்குப் போகுமுன்
ஒருமுறை தொங்கித் தாழ வேண்டும்,
ஒழுகும் துளி அங்கேயே சொட்டிப் போகும் என்றேன்.
இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம் என்றான்,
கருகிய கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு.

பிறகு சுவர்.
இரண்டடிக் கனம்.
வாப்பா பிறக்கும் முன்பே கட்டியது.
இரண்டு துளை போதும்,
போக ஒன்று, வர ஒன்று.
காரை உதிர்ந்தது. செங்கல்லுக்குக் காத்திருந்தோம்.
டிரில்லின் சத்தம் மாறியது.
வெள்ளையாய், மாவு மாதிரி,
பல்லில் ஒட்டுகிற தூள்.
கனி கையை நுழைத்து எடுத்த துண்டில்
நெருக்க நெருக்கமாய் நட்சத்திரக் குழிகள்.
அவருக்கு என்ன தோன்றியதோ
நாக்கில் வைத்துப் பார்த்தார்.
'இன்னும் கரிக்குது.'

இப்போது இந்தக் கரையில்
செத்த பவளத்தில் விரலளவு எடுத்தாலும் வழக்கு.
நான் தொட்டியில் வைக்கப்போகிறவை
யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியில் பிறந்து
பாலித்தீன் பையில் வருகிறவை,
ரசீதோடு.
நாங்களோ மூன்று தலைமுறையாக
சுண்ணாம்பு அடித்து, காலண்டர் மாட்டி,
ஒரு பவளத் திட்டில் முதுகைச் சாய்த்து
சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஜுலைஹா துண்டைக் கழுவி
ஜன்னலில் வைத்தாள். பிறகு எடுத்து
துளைக்குள்ளேயே செருகச் சொன்னாள்.
ஒன்றரை அங்குலக் குழாயைச் சுற்றி
அதையும் வைத்தே பூசினார் கனி.

ஞாயிறு, மக்ரிபுக்குப் பிறகு ஸ்விட்ச் போட்டோம்.
கூடத்தில் சத்தமே இல்லை.
மகள் சுவரில் காது வைத்தாள்.
'உள்ளே யாரோ குளிக்கிறாங்க.'
பத்து நிமிஷத்தில் கரண்ட் போனது.
தண்ணீர் இறங்கி இறங்கி
சம்பின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்றது.
கணக்கு சரிதான். ஆனாலும்
அந்த ஒரு விரலை
ஐந்து பேரும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வருகிறவர்கள் கூடத்தில் நிற்கிறார்கள்.
மீன் எப்போது என்கிறார்கள்.
வெறும் கல்லும் பழுப்புப் பாசியும்தான் இன்னும்.
நான் இந்தப் பக்கம்
கவிழ்த்த உப்பு வாளியில் உட்கார்ந்திருக்கிறேன்.
எக்ஸாஸ்ட் ஃபேன் கடல்வாடையைக்
கடலை நோக்கித் தள்ளுகிறது.

இன்று காலை
மூன்றாவது ஸ்விட்சின் ஓரத்தில்
மிளகளவு வெள்ளையாய் ஒன்று பூத்திருந்தது.
உப்பு.
துணியை எடுத்தேன்.
இந்த அறையில் முதலில் வளர்ந்தது அதுதான்.
நாளைக்குத் துடைக்கலாம்.