உரிமை கோருவோர்

உப்புச் சாவடிக் கல்லறைத் தோட்டம், எண்ணூர்க் கழிமுகம்.
பட்டியலில் நாற்பத்தொன்று.
குழாய்ப் பாதைக்காக எண்ண வந்தவன் நான்.
கணுக்கால் வரை சாம்பல்.

சாவடி இல்லை. எடை போட்ட கொட்டகை இல்லை.
கள்ள உப்புக்குக் காவல் நின்ற பதினெட்டு வீடுகளில்
ஒரு கிணற்றின் உறை மட்டும்,
வாய் நிறையச் சீமைக்கருவேலம்.
வரியை நீக்கிய வருடம் ஊர் வண்டியேறியது;
பதிவேட்டைக் கொண்டுபோனார்கள்,
சாவியை மறந்துவிட்டார்கள்.

ஜேக்கப் டிகாஸ்டா, சோதனை அதிகாரி, காய்ச்சல்.
அவர் துரத்திய படகிலிருந்து விழுந்த வேம்புலி
இரண்டடி தள்ளி.
வெள்ளத்தில் முங்காத மேடு வேறு இல்லை அப்போது.

எஸ்தர், பதினோரு நாள்.
கல்லுக்கு வக்கில்லாமல் சிப்பி அடுக்கியிருக்கிறார்கள்.
சில சிப்பிகளில் இன்னும் ஈரம்.

திரும்ப எண்ணினேன். நாற்பத்து மூன்று.

படிவத்தின் கடைசிக் கட்டம்: உரிமை கோருவோர்.
கோடு, கோடு, கோடு.

சிலுவையில் வலை உலர்த்திய தேசம்மா எட்டிப் பார்த்தாள்.
"இன்னா சார் கோடு?"
யாரும் இல்லை என்று அர்த்தம் என்றேன்.

"சிப்பிக் கொயந்தைக்கு என் பேரப் போடு."
சொந்தமா?
"எறா கெடைக்காத நாள்ல இங்கதான் குந்தினு இருப்பேன்.
வேற இன்னா வேணும்?"

எழுதினேன். தாளில் சாம்பல் விழுந்து
மை கொஞ்சம் திரண்டது.

மிச்சம் எத்தனை என்று கேட்டாள்.
நாற்பத்திரண்டு.

கரைக்குப் போய்
படகுகளைப் பார்த்துக் கத்தினாள்:
"வாங்கடா, ஆளு கொறையுது!"