கருகின மல்லி

செக்காலையில் எங்கள் மில் திறப்பது ஆறரைக்கு.
என் விரல்கள் திறப்பது ஏழே முக்காலுக்கு.
அதுவரை
ஷட்டரை முழங்கையால் தூக்குவேன்,
சுவிட்சை மணிக்கட்டால் தட்டுவேன்.

சீட்டில் முடக்குவாதம் என்று எழுதியிருக்கிறது.
உடம்பைக் காக்க வேண்டிய படை
உடம்பின் மூட்டுகளையே முற்றுகையிடுகிறதாம்.
காவல்காரனே கன்னம் வைத்த வீடு.

அரைக்க வருகிறவர்கள்
தூக்குவாளியோடு வைத்தியமும் கொண்டுவருவார்கள்.
'வள்ளிக்கண்ணு, மஞ்சளைப் பாலில் கலக்கிக் குடி.'
'வெந்தயம் ஊறப் போடு.'
'இஞ்சிச் சாறு, வெறும் வயிறு, ஒரு மண்டலம்.'
கானாடுகாத்தானிலிருந்து காரில் வந்த அம்மாள்
சிங்கப்பூரில் மஞ்சளையே வில்லையாக்கி
அறுபது வெள்ளிக்கு விற்பதாகச் சொல்லி
பாட்டிலைக் காட்டினார்.
பார்த்துவிட்டு அவருடைய மஞ்சளை அரைத்துக் கொடுத்தேன்,
கிலோவுக்குக் கூலி முப்பது ரூபாய்.

பதிமூன்று வருடம்.
காது மடலில் மஞ்சள்,
தலையணை உறையில் மஞ்சள்,
தும்மினால் கைக்குட்டையில் மஞ்சள்.
மஞ்சள் மட்டும் போதுமென்றால்
இந்தத் தாலுகாவிலேயே சுகமான உடம்பு என்னுடையது.

இதைச் சொன்னபோது டாக்டர் சிரிக்கவில்லை.
மிளகோடு சேர்ந்தால்தான் மஞ்சள் ரத்தம் வரை போகும்,
எண்ணெய் இருந்தால் இன்னும் லேசாகப் போகும்,
உங்கள் ஊர்க் குழம்பில் மூன்றும் இருக்கிறதே, சாப்பிடு;
வெள்ளிக்கிழமை மாத்திரையை மட்டும் நிறுத்தாதே.
குழம்பு எவ்வளவு வேலை செய்யும் என்று கேட்டேன்.
அதை இன்னும் யாரும் சரியாக அளக்கவில்லை என்றார்.
அந்தப் பதில் பிடித்திருந்தது.
நானும் தராசு வைத்திருப்பவள்.

கொரோனா வருடம்
வரிசை தபாலாபீஸ் தாண்டி நின்றது.
சுக்கு, மிளகு, திப்பிலி, அதிமதுரம்.
பயத்தைக் கிலோ கணக்கில் கொண்டுவந்தார்கள்,
பொடியாக்கிக் கொடுத்தோம்.
வறுக்கிற அடைக்கலம்
எல்லோருக்கும் வறுத்தான், தானும் குடித்தான்,
மூன்று வேளை, தவறாமல்.
ஆவணிக் கடைசியில் அவனுக்கு ஆம்புலன்ஸ் வந்தது.
கஷாயம் அவனைத் தடுக்கவில்லை.
தாங்கிப் பிடித்ததா என்றும் தெரியாது.
பதினோராம் நாள் நடந்து வந்தான்.
மூக்கு மட்டும் கூட வரவில்லை.

வறுக்கிறவனுக்குப் பதம் கண்ணிலா இருக்கிறது?
சோம்பு சிவந்ததைக் கண் சொல்லும் முன்
அது கரியாகிவிடும்.
தினம் ரெண்டு வேளை, நாலு வாசனை,
இருபது எண்ணும் வரை முகரணும் என்றார் நர்ஸ் ஆமினா.
நாலு வாசனைக்கு அலைகிற ஊரா இது?
கிராம்பு. மிளகு. அன்னாசிப்பூ. கல்பாசி.
அவன் கண்ணை மூடிக்கொள்வான்.
மடங்காத விரல்களில் இடுக்கி நீட்டுவேன்.
'என்ன?'
'காத்து.'
'இது?'
'இதுவும் காத்துதான்க்கா.'
புரட்டாசி காத்து. ஐப்பசி காத்து.
கார்த்திகையில் ஒருநாள் கல்பாசிக்கு
'ஈரம் மாதிரி' என்றான்.
எனக்காகச் சொன்னானோ என்னவோ.

தையில் கோட்டையூர்க் கல்யாணத்துக்கு
இருபது கிலோ மசாலா.
அடைக்கலம் வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான்.
வறுவல் என் பொறுப்பு.
அன்றைக்குப் பார்த்து
கரண்டிப் பிடி கைக்குள் நிற்கவில்லை.
மல்லி சட்டியோடு ஒட்டிக்கொண்டு
புகைய ஆரம்பித்தது.
இன்னொரு துணியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

'அக்கா, கருகுது!'

வாசலிலிருந்து.
சட்டியைப் பார்க்க முடியாத இடத்திலிருந்து.

ஓடி வந்து அடுப்பை அணைக்காமல்
புகைக்குள் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றான்,
இருமினான், மறுபடி முகர்ந்தான்.
'நாத்தம்' என்றான்.
'என்னா நாத்தம்க்கா!'
கோயிலில் தீபாராதனை பார்ப்பவன் போல.

அடுப்பை நான்தான் அணைத்தேன்.
கணக்கு நோட்டில் எழுதினேன்:
மல்லி நாலு கிலோ, கருகல், நம் செலவு.

போன மாதம் என் ரத்தத்தில் வீக்கக் கணக்கு நாற்பத்தாறு.
இந்த மாதம் முப்பத்தெட்டு.
மாத்திரையா, மிளகுக் குழம்பா,
பனி விட்டதாலா,
கேட்கவில்லை.
சீட்டை நாலாக மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மடிக்க முடிந்தது.