பின்பனி, நான்கு டிகிரியில்

ஏப்ரலில் வந்துவிடும் ஓரெஸ்டின் பட்டியல்.
கனடாச் சமவெளியில் ஒரு சின்ன ஊர்:
கோதுமைக் கிடங்கு, ரயில் தடம், தாண்டினால்
அவர் காக்கும் நாலு ஏக்கர் மரத்தோட்டம்.
உறைபனி உருகியதும் ஒவ்வொரு மரமாய்ப் போய்ச்
சிறுகிளையை நகத்தால் கீறிப் பார்ப்பாராம்.
உள்ளே பச்சை என்றால் இருக்கிறது.
பழுப்பு என்றால் பெயர்மேல் ஒரு கோடு.

இந்த வருடம்
மஞ்சூரிய வால்நட், நுனி கருகல், தேறும்.
பர் ஓக், அதற்கென்ன, குத்துக்கல்.
கட்சுரா போய்விட்டது. மூன்றாம் முறை.
பக்கத்தில் பென்சிலில்: மறுபடி நடுவேன்.

இதை நான் வாசிப்பது தெம்பனீஸில்,
வண்டி நிறுத்துமிடத்து மரங்களைத் தட்டித் தட்டி
காது வைத்துக் கேட்கும் வேலைக்கு நடுவில்.
ரப்பர் சுத்தியல். கழுத்தெல்லாம் வியர்வை.
பொந்து விழுந்த மரம் வேறு குரலில் பேசும்.

முதல் கடிதத்தில் பெருமையடித்திருந்தேன்:
உங்கள் ஊர் முழுக்க முப்பத்தொரு வகை,
எங்கள் கால்வாய் ஓரம் மட்டும் அறுபத்திரண்டு.
அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி:
அதில் எந்த மரம் உங்களிடம்
வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது?

அவர் தெருக்களில் ஒருகாலத்தில் எல்லாம் எல்ம்.
இரு வரிசை, உச்சியில் கைகோத்த மண்டபம்.
ஒரு வண்டு வந்தது.
சில கோடைகளில் வெறும் வானம்.
அதிலிருந்துதான் இந்தப் பித்து,
எதிலும் ஒன்று, எதிலும் ஒன்று என்று.

எங்களுக்கும் தெரியும் அது.
அங்சானா, வேங்கைக்கு ஒன்றுவிட்ட உறவு.
கிளையை ஊன்றினால் உடனடி நிழல் என்று
ஊன்றிக்கொண்டே போனோம். அதற்கும் வாடல் வந்தது.
மிஞ்சியவை ஒரே ஒரு நாள் பூத்துக் கொட்டும்.
கறுப்புக் கார் புலியாகிக் கிடக்கும்.
மிரள யானை இல்லை.
டாக்சிக்காரர் வைப்பரைப் போட்டுவிட்டுப் போவார்.

முத்திரைகள், சான்றிதழ்கள், இரண்டு மாதம் கழித்து
அவர் அனுப்பிய ஏழு ஓக் கொட்டைகள் வந்தன.
பள்ளியில் ஆறு பருவம் ஒப்பித்தவள் நான்.
முன்பனி, பின்பனி, முழு மதிப்பெண்,
இரண்டையும் பார்த்ததில்லை.
ஈரமணல் டப்பாவில் புதைத்து
அலுவலக ஃபிரிட்ஜில், ஹஷிமாவின் சம்பால் புட்டிக்குப் பின்னால்,
நான்கு டிகிரியில்
எழுபது நாள் பின்பனி கொடுத்தேன்.

மூன்று முளைத்தன. ஒன்று முழங்கால் தொட்டது.
இலை விட்டது. உதிர்க்காமல் மறுபடி விட்டது.
மறுபடி.
போதும் என்று சொல்ல அதற்கு ஒரு டிசம்பர் வரவில்லை.
எங்கள் டிசம்பர் வந்தது, மழையோடு,
இன்னும் விடு என்றது.
ஒவ்வோர் இலையும் முந்தியதைவிடச் சிறியது,
கண் சொருகச் சொருகக் கணக்கெழுதுபவரின்
கையெழுத்துப் போல.
இரண்டாம் வருடம் நகத்தால் கீறிப் பார்த்தேன்.

ஆறேமுக்கால்.
தூங்குமூஞ்சிகள் தலைக்குமேல் இலை மடிக்கின்றன.
கடல் தாண்டி வந்த மரம்தான் இதுவும்.
தன் உறக்கத்தைத் தினத்துக்கு ஒன்றாக நறுக்கி
மூட்டை கட்டி வந்திருக்கிறது.
இடைவெளிகளில் வானம் தெரிகிறது,
அப்புறம் புளோக் விளக்குகள்.

ஓரெஸ்ட், உங்கள் கேள்விக்கு ஒரு பெயர்:
பர் ஓக். குத்துக்கல் என்றீர்களே, அதேதான்.
வேண்டாம் என்று சொல்லவில்லை.
தூங்க விடு என்றது.

இதன் பக்கத்தில் எழுத
பென்சில் தேடுகிறேன், பையெல்லாம் கொட்டி.
சுத்தியல், அளவு நாடா, பேனா.