பின்னிருக்கையின் எடை

ஃபலஜ் அல் கபாயிலில்
இரவு பதினொன்றுக்கும் முப்பத்தெட்டு டிகிரி.
ஏசி சொட்டும் தண்ணீருக்கு வைத்த பெயிண்ட் வாளியில்
கைகளை முக்கி முக்கி எடுத்துக்கொண்டு
வண்டிக்கு அடியில் கிடக்கிறேன்.

முன்னே இரண்டு சக்கரம், பின்னே ஒன்று.
"ஆட்டோவைத் திருப்பிப் போட்டு ஓட்டுறான்" என்பார்
துறைமுகத்துக் கிரேன் ஆபரேட்டர் பிச்சுமணி.
"மீட்டருக்கு மேல எவ்வளவுப்பா?"

வாதி ஜிஸ்ஸி வளைவுகளில்
இந்த ஆட்டோ வெளிப்பக்கமாய்ச் சாயும்.
உள்பக்கச் சக்கரம் தரையை மறந்துவிடும்.
புரைமியிலிருந்து அழைத்து வந்த அன்று
மூன்றாவது வளைவில்
ஜெசிந்தா என் சட்டையைப் பற்றிய பிடியில்
பொத்தான் ஒன்று தெறித்து
மலைக்குப் போனது.
அதன்பிறகு அவள் டாக்ஸியில்தான் வருகிறாள்.
டாக்ஸி என்பதால்
மாதத்துக்கு ஒருமுறை.

கஸ்டம்ஸில் இருபத்தோரு நாள் தூங்கி வந்த பெட்டியை
இறக்கிவைத்த கூரியர்காரன் கேட்டான்:
"டம்பெல்லா?"
மூன்று ஸ்பிரிங்குகள். மூன்றும் சிவப்பு.

முன்மூடிக்குப் பதினாறு திருகு.
பதினைந்தைத்தான் கழற்றியிருந்தேன் என்பது
பிளாஸ்டிக் முனகியபோது தெரிந்தது.
பிறகு அந்தக் கீழ்ப்போல்ட்.
கடலோரத்தில் இரும்புக்குச் சீக்கிரம் வயதாகிவிடுகிறது.
எண்ணெய் அடித்தேன், காத்திருந்தேன்,
மறுபடி அடித்தேன்,
அம்மா கேட்கக்கூடாத வார்த்தையும்
சொல்லிப் பார்த்தேன்.

அதைக் கேட்டோ என்னவோ
மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஷம்பே வந்தான்.
மீன் பிக்கப் ஓட்டும் பலூச்சி.
ஸ்பேனரின் வாலில் ஒரு நீளக் குழாயை மாட்டி
கண்ணைக் காட்டினான்.
தொங்கினோம்.
டக்.
உடைந்தது எது என்று தெரியாமல்
இருவரும் ஒரு நொடி
அவரவர் விரல்களை எண்ணிக்கொண்டோம்.

கழன்று வந்த பழையதை அமுக்கினேன்.
அமுங்கியது.
எழுந்து வர அதற்கு மனமில்லை.

புதியதன் வளையத்தை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று
ஒரு தாளில் கட்டம் போட்டிருந்தது.
ஓட்டுபவர் எடை: எழுபத்தொன்பது.
போன மாத மெடிக்கலில் எடுத்தது, சந்தேகமில்லை.
பின்னிருப்பவர் எடை:
அங்கே வெறும் கோடு.
ஷம்பே ஒரு விரலைக் காட்டி
பிறகு இரண்டு விரலைக் காட்டி
புருவத்தை உயர்த்தினான்.

நைட் டியூட்டியில் இருந்தவளைக் கூப்பிட்டேன்.
"உன் எடை என்ன?"
பின்னால் யாருடைய இதயமோ பீப் பீப் என்றது.
"மணி பன்னெண்டரை தாஸு. இதுக்கா போன்?"
"ஸ்பிரிங்குக்கு வேணும்."
"அம்பத்தெட்டு. ஹெல்மெட்டோட அறுபத்திரண்டு."
கொஞ்சம் நிறுத்தி,
"நான் வரேன்னு சொல்லல" என்றாள்.

இரண்டு பேருக்கு முறுக்கிவிட்டுத் தனியே ஓட்டினால்
வண்டி துள்ளும்,
வழியில் கிடக்கும் பேரீச்சங்கொட்டையைக்கூட
முதுகுத்தண்டில் சொல்லிக்காட்டும்.
தெரியும்.
இரண்டு பேருக்கே முறுக்கினேன்.

ஜாக்கி இறங்கி
பாரம் முழுக்கச் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான்
கடைசி இறுக்கு. அதுதான் முறை.
எல்லாம் முடிந்தபோது ஒரு வாஷர் மிஞ்சியிருந்தது.
ஷம்பே அதைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடிய
பின்னிருக்கையில் இருபது கிலோ அரிசி மூட்டை மூன்று,
மேலே இரண்டு கிலோ சர்க்கரை,
கயிற்றால் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.
முதல் வளைவு.
இரண்டாவது.
மூன்றாவதில், வேண்டுமென்றே, வேகம் குறைக்கவில்லை.
உள்பக்கச் சக்கரம் தரையிலேயே இருந்தது.
ஓரமாய் நிறுத்திப் பார்த்தேன்,
சர்க்கரை வைத்த இடத்தில் இருந்தது.

மூட்டைகளைப் படமெடுத்து அனுப்பினேன்.
ஷிப்ட் முடிந்து பார்த்திருக்கிறாள்.
நெடுநேரம் எழுதுவதும் அழிப்பதுமாய்க் காட்டியது திரை.
பிறகு வந்தது:
"இன்னும் மூணு கிலோ சேர்த்துக்கோ.
அன்னிக்குக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லிட்டேன்."

மூட்டைகளைச் சாலையோரம் இறக்கினேன்.
கொக்கி ஸ்பேனரோடு குனிந்து
பின் ஸ்பிரிங்கின் வளையத்தை அரைச்சுற்று திருப்பினேன்.
குழாய் தேவைப்படவில்லை.